கோடியம்மா வழி விட்டாள்

அம்மாவை நம்பிக் கூடியிருக்கிற சொந்தங்களே, அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தேன். வடிந்து வருஷங்களாகிவிட்டது. மழை இருட்டினால் இன்னும் என் முழங்காலில் வந்து நிற்கிறது.

கார்த்திகை வெள்ளிக்கிழமை. விடிந்ததும் காலைக் கீழே வைத்தேன், சில்லென்றது. வீட்டுக்குள் தண்ணீர். சத்தமே போடாமல் வந்திருந்தது. கட்டிலில் என் வீட்டுக்காரர், தொடையெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்துக் கிடக்கிறார். ஸ்ரீ சிட்டி கம்பெனி வேலை முடிந்து வரும்போது பைக் சறுக்கியது. அசைக்கவே கூடாது என்றிருந்தார் டாக்டர்.

நகரியில் பவர்லூம் நின்றபோது திருப்பதிக்குக் கிளம்பி வந்தவர்கள் நாங்கள். ஏரிக்குள் மண்ணைக் கொட்டி மனை போட்டிருந்தார்கள். போர்டில் 'லேக் வியூ' என்றிருந்தது. "லேக்கும் இல்ல, வியூவும் இல்ல, நம்ம மூஞ்சிதான் இருக்குது" என்று இவர் அப்போதே சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் வாங்கினோம்.

பழைய ஏரிக்கரை முடிகிற இடத்தில் நம் கோடியம்மா. அன்று அவள் ஒரு சின்னக் கல். கோடி கோடியாய்க் கொடுக்கிறவள் என்று மனை விற்றவர் சொல்லி, கரை முனையிலிருந்து எதிர்மேடு வரைக்கும் காவிப்பட்டை அடித்த மதில் ஒன்றை உபயமாகக் கட்டிக் கொடுத்தார். மனை வாங்கியவர்கள் ரூபாய் நோட்டு மாலை போட்டார்கள். நான் நெசவு வீட்டுப் பெண். எனக்குக் கோடி என்றால் புதுத்துணி. ஆடிக்கு ஆடி புதுச்சேலை சாத்தினேன். ஆளுக்கொரு கோடி கேட்டோம். அவள் யாரென்று யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் ஏறியது. மலையிலிருந்து இறங்கியதெல்லாம் எங்கள் தெருவுக்குள் வந்து, போகத் தெரியாமல் சுற்றியது. கட்டிலுக்கடியில் செங்கல் வைத்தேன். செங்கல் முழுகியது. கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து கட்டிலை முட்டியது. பக்கத்து வீட்டு ராதம்மாவும் அவள் புருஷன் சுப்பண்ணாவும் நீந்தாத குறையாக வந்தார்கள். மூவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம். இவர் போட்ட அலறலில் கைகள் தாமாக விட்டன. படகு வரும் என்று போனில் சொன்னார்கள். வரவில்லை. தண்ணீர் பாயைத் தொட்டது.

நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். "அம்மா கோடியம்மா, வழி விடு. கோடி வேணாம், வீடு வேணாம், இந்த மனுசன் போதும். வழி விடு."

"நீ ஏம்மே சாமியத் தொல்ல பண்ணிக்கினு கீற?" என்றார் இவர். பல் கிட்டித்திருந்தது. அப்போதும் வாய் மட்டும் அடங்கவில்லை. நாகலாபுரம் பக்கத்து ஏர் ஓட்டிய வீட்டுப் பிள்ளை. "எங்க ஊருல ஏரி ரொம்பினா கோடி போவும். இந்தப் பாவிங்க ஏரிக்குள்ள வூட்ட வெச்சானுங்களே, கோடிய எங்க வெச்சானுங்க?"

"இன்னாது? இன்னா போவும்?"

"கோடிமே! ரொம்பின தண்ணி வழிஞ்சி போற எடம். கரை முனையில பள்ளமா வுட்டிருப்பாங்க..."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கரை முனை. அங்கே உட்கார்ந்திருக்கிறவள் பேரே அதுதான். பணமும் இல்லை, புடவையும் இல்லை, தண்ணீர் போகிற வழி. அந்த வழியில்தான் அவள் பேரைச் சொல்லி மதில் கட்டியிருந்தது.

ராதம்மா இவர் தலையைத் தாங்கிக்கொண்டாள். நானும் சுப்பண்ணாவும் கடப்பாரையோடு கரைக்குப் போனோம். மதிலின் இந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டுத் தளும்பியது. அந்தப் பக்கம் முள் மண்டிய வறண்ட ஓடை, சுவர்ணமுகி ஆறு வரைக்கும் வீடு இல்லை, வாசல் இல்லை. அந்த வறட்சியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

சுப்பண்ணா கடப்பாரையை ஓங்காமல் கீழே ஊன்றிவிட்டார். "ஒத்தக்கா! அம்மவாரி கோட இதி!" வேண்டாமக்கா, அம்மன் மதிலாயிற்றே என்கிறார்.

"அவ கேட்டாளாண்ணா இந்த மதில?" என்றேன். "அவ வாய இல்ல பொத்தி வெச்சிருக்கோம்?"

கரைமேல் நின்றபடி முதல் குத்து நான் குத்தினேன். கை விழவில்லை. கண் போகவில்லை. அடுத்தது அவர் குத்தினார். ஒரு செங்கல் ஆடியது. பிறகு மதிலே பெருமூச்சு விட்ட மாதிரி சாய்ந்தது. தண்ணீர் போன சத்தம் இருக்கிறதே, குலவை! சாட்சாத் குலவை! அம்மாவின் கல்லை அது தொட்டுத் தொட்டுப் போனது. கல் அசையவில்லை.

ஓடித் திரும்பினேன். பாய் நனைந்திருந்தது. அதற்குமேல் ஏறவில்லை. சாயங்காலம் கட்டில்கால் தெரிந்தது. "உங்கம்மா கெட்டிக்காரிதாம்மே" என்றார் இவர். அதுவரை அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. இன்று தடி ஊன்றி நடந்து, உங்களோடு பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மனை விற்றவரின் ஆட்கள் மதிலைத் திரும்பக் கட்டலாம் என்று வந்தார்கள். நாம் பெண்கள் அந்தத் திறப்பில் பொங்கல் வைத்துவிட்டோம். இன்றைக்கும் நான் சேலை சாத்துகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஓடையில் இறங்கி முள் வெட்டுகிறேன். அதுதான் என் நேர்த்திக்கடன்.

சொந்தங்களே, உங்கள் பிள்ளைகள் மனை பார்க்கப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கிற சாமிக்கு என்ன பேரென்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். கஷ்டம் வந்தால் அவளைக் கூப்பிடுங்கள். நிச்சயம் வழி விடுவாள். அவள் வழியை மட்டும் நாம் விட்டு வைப்போம்.