தோற்றவர்தான் பேசலாம்

என் மருமகள் இதுவரை எத்தனை கிரகங்களைப் பிடித்து ஆண்டிருக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் காய்ந்த துணியை எடுத்து மடி என்று சொன்னால், "இதோ அத்தை" என்பாள், அந்தத் துணிக் குவியல்மேலேயே சாய்ந்துகொண்டு இன்னொரு கிரகத்தைப் பிடிப்பாள். சலவைக் கடை நடத்திப் பிழைக்கிற என் வீட்டுக்கு வந்து வாய்த்தவளைப் பாருங்கள்! நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்தது அவளைத் திட்டுவதற்காக அல்ல. திட்ட வேண்டுமென்றால் நேரிலேயே திட்டிக்கொள்வேன், அதற்குக் காகிதம் எதற்கு?

அவளுக்கு வேலை பஸ் டிப்போவில். எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும், நடுவழியில் ஒன்று படுத்துவிட்டால் மாற்று வண்டியை எங்கிருந்து பிடுங்கி அனுப்புவது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்பவள். என் மகன் அதே டிப்போவில் டிரைவர். அவள் சொன்ன வழியில் வண்டி ஓட்டிப் பழகியவன், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அதே வழியில்தான் ஓடுகிறான். நல்ல பையன், பாவம்.

நாள் முழுக்க மைக்கில் பேசுகிறாளே தவிர, அவள் மனதில் இருப்பதை அங்கே கேட்பார் யாரும் இல்லை. அவள் மனதில் இருந்ததெல்லாம் பழைய விண்வெளி சாம்ராஜ்ய விளையாட்டுகள். கம்ப்யூட்டர்கள் பெட்டி பெட்டியாகக் கனத்துக் கிடந்த காலத்தில் வந்தவை. ஒரே ஒரு கிரகத்தில் தொடங்கி, கப்பல் கட்டி, ஆட்களை ஏற்றி அனுப்பி, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பரவ வேண்டும். அவற்றில் எது உசத்தி, எது மட்டம் என்று ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தாளானால் சாப்பாடு ஆறிப்போகும். ஆறிப்போனதை நான் ரெண்டாவது தடவை சூடு பண்ணும்போதும் பேசிக்கொண்டிருப்பாள்.

அவளைப் போலவே இன்னும் சிலர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நூலகத்தின் கீழ்த்தளத்தில் வாரம் ஒருமுறை சங்கமாகக் கூடுவார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். அங்கே மூன்று விளையாட்டுகளுக்குத்தான் மரியாதை. மூன்றுக்கும் நீளநீளமாகப் பெயர் உண்டு, இவர்கள் சுருக்கி வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று 'பசி': பிடித்த கிரகத்துக்கெல்லாம் சாப்பாடு அனுப்பியாக வேண்டும், அகலக்கால் வைத்தால் கடைசிக் கிரகம் பட்டினி கிடந்து கைவிட்டுப் போகும். இன்னொன்று 'பீரங்கி': பெயரே சொல்கிறது, போர்க்கப்பலை நாமே வடிவமைத்துச் சண்டை போடுவது. மூன்றாவது 'சபை': அதில் வேறு வேறு இனத்து ஜந்துக்கள் வரும், தூது அனுப்பும், கோபித்துக்கொள்ளும். அவ்வப்போது எல்லா இனங்களும் ஒரு சபையில் கூடி, யார் பேரரசர் என்று ஓட்டுப் போடும்.

இந்த மூன்றையும் வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் மேடையேறி ஒப்பிட்டுப் பேசுவார். வெளியூர்களிலிருந்தெல்லாம் கேட்க வருவார்கள். அந்த மேடைக்கு ஒரு விதி உண்டு. ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதில் நியாயமாக ஒருமுறையாவது தோற்றிருக்க வேண்டும். ஜெயித்தவனுக்குத் தன் சாமர்த்தியம்தான் கண்ணுக்குத் தெரியும், தோற்றவனுக்குத்தான் விளையாட்டு தெரியும் என்பது காரணம். இந்த விதியைக் கொண்டுவந்தது யார்? வேறு யார், என் மருமகள்தான்.

இந்த வருஷம் அவள் பேசுவதாக முடிவானது. வீடே அதிர்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் டிப்போவிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் சபையில தோத்ததே இல்ல."

"ஜெயிச்சதுக்கா இந்த மூஞ்சி?"

"தோக்காம பேச முடியாது அத்தை. நான் போட்ட விதி."

பசியில் தோற்றிருக்கிறாள், பீரங்கியில் மூக்கு உடைபட்டிருக்கிறாள். சபையில் மட்டும் கம்ப்யூட்டரையும் ஜெயித்தாள், சங்கத்தில் இருந்தவர்களையும் ஜெயித்தாள். வேண்டுமென்றே தோற்றால் செல்லாது. அவள் பேசாவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருந்தார், ஒரு எலக்ட்ரீஷியன். எதை எடுத்தாலும் "எனக்கு ஒரு ஆட்சேபணை" என்று எழுந்து நிற்பதால் அவருக்கு ஆட்சேபணை என்றே பெயர். மூன்றிலும் தாராளமாகத் தோற்றவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகனைத் தன்னோடு சபை ஆடச் சொல்லிக் கெஞ்சினாள். "நான் தோத்தா உனக்குப் பிரயோஜனமில்ல, ஜெயிச்சா எனக்கு வீட்டுல இடமில்ல. ஆளை விடு" என்று நழுவிவிட்டான். கழுவுற மீனில் நழுவுகிற ஜாதி, அப்பாவைப் போலவே. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்படி என்ன பெரிய வித்தை அது? நாலு பொத்தானை அமுக்குறதுதானே?"

"அப்ப நீங்களே வந்து உட்காருங்க அத்தை."

உட்கார்ந்தேன். வீம்புதான், வேறென்ன.

இந்தப் பழைய விளையாட்டுகளில் இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. ஒருத்தி தன் முறையை முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், அடுத்தவள் உட்கார வேண்டும். எழுந்தவள் திரையைப் பார்க்கக் கூடாது, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவள் ஆடும்போது நான் சுவரைப் பார்த்தபடி கடைத் துணிகளை மடித்தேன். நான் ஆடும்போது அவளை மடிக்க வைத்தேன். அந்த வகையில் எனக்கு முதல் நாளே லாபம்.

சண்டை போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அது ஏறவே இல்லை. காலியாகக் கிடந்த கிரகங்களைப் பார்த்தால்தான் கை பரபரத்தது. இடத்தைச் சும்மா போட்டு வைப்பார்களா? எல்லாவற்றிலும் ஆட்களைக் குடிவைத்தேன். பனிக்கட்டிக் கிரகம், புழுதிக் கிரகம் எதையும் விடவில்லை. அப்புறம் அந்த ஜந்துக்கள். தவளை மாதிரி ஒன்று, நண்டு மாதிரி ஒன்று, வெறும் புகையாக ஒன்று. தூது வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது, இதுக்கு என்ன வேணும், எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு என்பதுதான். கடைக்கு வருகிற ஆட்களிடம் வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்கிறேன்? மருந்து கேட்ட தவளைக்கு மருந்து கொடுத்தேன். நண்டுக்கும் புகைக்கும் சண்டை வந்தபோது இரண்டு பக்கமும் ஆள் அனுப்பிச் சமாதானம் பேசினேன். புகை ஒன்றும் கேட்காது, அடிக்கடி விசாரித்தால் போதும். என் கப்பல்களைப் பார்த்திருந்தால் ஓட்டைத் தகரம் என்று சிரித்திருப்பாள். ஆனால் அவளோ சுவரைப் பார்த்து என் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

சில ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒரு மத்தியானம் திரையில் சபை கூடியது. இதை மட்டும் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். ஆள்தொகைக்கு ஏற்ப ஓட்டு. நண்டு எனக்குப் போட்டது. புகை எனக்குப் போட்டது. தவளைகள் ஆரம்பத்திலிருந்தே என் மருமகளுடைய படையின் பாதுகாப்பில் இருந்தவை. அவையும் எனக்கே போட்டன. அவள் வாய் பிளந்தபடி நின்றாள். பேரரசி என்று என் பெயர் மின்னியது. கீழே அவளுக்கு ஒரு கேள்வி வந்தது: ஏற்கிறாயா, எதிர்க்கிறாயா? எதிர்த்தால் எனக்கு ஓட்டுப் போட்ட எல்லோரோடும் போர்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். விழுந்த ஓட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். கடைசியில் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு எழுந்தாள்.

"எனக்காக விட்டுக்கொடுத்தியா?" என்று கேட்டேன்.

"விட்டுக்கொடுத்திருந்தா இப்படி வயிறு எரியாது அத்தை" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பேச்சு நாளன்று நூலகக் கூடத்தில் நிற்க இடமில்லை. நானும் என் மகனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். பேச்சுக்கு முன்னால் தோல்வியைச் சரிபார்க்க வேண்டும். டாக்டர் எங்கள் ஆட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். போட்டதுதான் தாமதம், ஆட்சேபணை எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை. இவங்க படையைப் பாருங்க. அந்தம்மா எல்லை ஓரமா முழுப் படையும் நிக்குது. அந்தம்மாகிட்ட இருக்குற கப்பலை வச்சு மீன்கூடப் பிடிக்க முடியாது. எதிர்க்கிறேன்னு அழுத்தியிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. இது தோல்வி இல்ல, ராஜினாமா. மாமியாருக்காக விட்டுக்கொடுத்திருக்காங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தேன். மகன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான், தட்டிவிட்டேன்.

"தம்பி! இவ எனக்கு விட்டுக்கொடுத்தாளா? எந்த வீட்டுக் கதை பேசுறீங்க? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒரு டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுத்ததில்ல. சாம்ராஜ்யத்தையா விட்டுக்கொடுப்பா?"

கூடம் சிரித்து உருண்டது. ஆட்சேபணைகூடச் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை. அவர் சொன்னது நியாயம் என்பது எனக்கே உறைத்தது. அந்தப் படை என் வாசலில் நின்றது எனக்கு அன்றுவரை தெரியாது.

டாக்டர் நடுவில் வந்தார். "இவ்வளவு பேர் வந்திருக்காங்க. இந்த ஒரு தடவை விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கலாமே."

"வேண்டாம் டாக்டர்" என்றாள் என் மருமகள். "விதி நான் போட்டது. அவர் கேட்டதுக்கு பதில் சொல்றேன். அதுக்கப்புறமும் இது தோல்வி இல்லன்னு அவர் சொன்னா, அவரே பேசட்டும். நான் கீழ உட்கார்ந்து கேட்கிறேன்."

இத்தனை வருஷம் காத்திருந்து, இத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று, கடைசியில் எதிராளி கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறாளே, பைத்தியக்காரி! ஆனால் அவள் ஆட்சேபணையின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"படை இருந்தது, சார். ஜெயிச்சிருப்பேன். அந்தப் பொத்தான்மேல விரலை வச்சேன். அப்பதான் தவளைங்க போட்ட ஓட்டைப் பார்த்தேன். ஆட்டம் முழுக்க அதுங்களை நான்தான் காப்பாத்தினேன். ஆனா ஒரு தடவைகூட அதுங்க அனுப்பின தூதைப் படிக்கல. அத்தை படிச்சாங்க. நான் எதிர்த்திருந்தா முதல்ல அந்தத் தவளைங்களைத்தான் சுட்டிருக்கணும். யாருக்காக இவ்வளவும் கட்டினேனோ அவங்களையே சுட்டுட்டு, காலி வானத்துல நின்னு ஜெயிச்சேன்னு சொல்லணும். நான் ஆடினது தப்புன்னு அங்கதான் புரிஞ்சது. பசியில தோத்தப்போ கணக்குமேல கோபம் வந்துச்சு. பீரங்கியில எதிரிமேல. இதுல யார்மேலயும் கோபப்பட முடியல. என்னைவிட நல்லா ஆண்டவங்க ஒருத்தங்க இருந்தாங்க, அதை எல்லாரும் பார்த்தாங்க. இது தோல்வி இல்லன்னா, வேற எது தோல்வின்னு எனக்குத் தெரியல."

ஆட்சேபணை சுவரில் தெரிந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தார்.

"எனக்கும் சபையில அந்தக் கேள்வி வந்திருக்கு" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் எதிர்த்துட்டுத்தான் தோத்தேன். மத்த பொத்தான் எதுக்குன்னு யோசிச்சதே இல்ல." டாக்டர் பக்கம் திரும்பினார். "தோல்விதான் டாக்டர். எனக்கு ஆட்சேபணை இல்ல."

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாதாம். கை தட்டினார்கள் பாருங்கள், கூரை பெயர்ந்துவிடும் போல இருந்தது.

அதற்கப்புறம் பேசினாள். அடேயப்பா! சபையின் சண்டைக் காட்சி பார்க்கச் சகிக்காது, நிறங்கள் கண்ணைக் குத்தும், அந்த விஷயத்தில் பீரங்கியின் கால்தூசி பெறாது என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனசு சரியில்லாத நாளில் தனக்கு இன்றைக்கும் பசிதான் வேண்டும், ஏனென்றால் கடைசி நிறுத்தத்தில் ஒரு வண்டி வராமல் போனால் என்ன ஆகும் என்று அந்த விளையாட்டு ஒன்றுதான் கேட்கிறது என்றாள். ஆனாலும் மூன்றில் பெரியது சபைதான், அதிலே நாம் ஆள்கிறவர்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது என்று சொல்லி முடித்தாள். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிக்கும் சேர்த்துத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் நாற்காலி கொள்ளவில்லை. என் வீட்டுப் பெண், அத்தனை பேர் நடுவில், தான் எங்கே சறுக்கினோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதை வைத்தே எல்லோரையும் கட்டிப்போட்டாளே!

கூட்டம் முடிந்து படியேறும்போது, வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேசினது உங்க பொண்ணாம்மா? கொடுத்து வச்சவங்க நீங்க."

என் மருமகள் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அது தெரிந்தேதான் சொன்னேன்.

"பொண்ணு இல்லம்மா, மருமக. பெத்த பொண்ணுன்னா வேற வழியில்லாம நம்ம பக்கம் நின்னுடும். இவ வாசல்ல படையை வச்சுக்கிட்டு, யோசிச்சுப் பார்த்து, என்னை ஏத்துக்கிட்டவ."