காலை வகுப்பின் லிஃப்ட்டக்கா

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று எங்கள் வகுப்பில் எல்லோரும் தேறியிருந்தோம், லிஃப்ட்டக்காவைத் தவிர. எங்களையெல்லாம் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தவரே அவர்தான்.

பாதியில் படிப்பை விட்ட பெரியவர்களுக்காக விடிந்ததும் நடக்கிற வகுப்பு எங்களுடையது. பள்ளிப் பிள்ளைகள் வருவதற்குள் பாடத்தை முடித்து, பெஞ்சைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்கு ஓடவேண்டும். எங்களுக்கு ஒதுக்கியது ஒன்றாம் வகுப்பு அறை. உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும். சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த மிருகங்கள். தையல்கடை அண்ணன் எப்போதும் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே உட்காருவார். ராத்திரி வேலை முடித்து நேராக வருகிற வெல்டர் தம்பி, ஜன்னலோரம் சாய்ந்தபடி பாதிப் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்பான். நான் கூரியர் வண்டி ஓட்டுகிறவள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கடைசியாக நுழைவேன். முதல் பெஞ்சில், தலையைப் படிய வாரி, நீலச் சீருடையோடு உட்கார்ந்திருப்பவர் லிஃப்ட்டக்கா.

பெரிய மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் இயக்குகிற வேலை அவருக்கு. அப்பா படுத்த படுக்கையானபோது பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, அன்றே ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்துக் கரையேற்றி, பிறகு தனக்கென்று ஒரு குடும்பம் அமைந்து, மகளையும் கல்லூரி வரை கொண்டுவந்தாகிவிட்டது. அதற்கப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "நானும் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன்" என்றாராம். பஸ் ஓட்டுகிற கணவருக்குப் புரை ஏறிவிட்டது. மகள் மட்டும், "நான் காலேஜை முடிக்கிறதுக்குள்ள நீ ஸ்கூலை முடிச்சிடுமா" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அக்கா.

சேர்ந்த புதிதில் வகுப்பு நிரம்பி வழிந்தது. கணக்கு டீச்சர் முதல் தேர்வை வைத்ததும் கூட்டம் மளமளவென்று கரைய ஆரம்பித்தது. தையல்கடை அண்ணன் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் அவர் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாளிலிருந்து ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே யாரும் இல்லை.

வாரம் ஒன்று பார்த்துவிட்டு லிஃப்ட்டக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். கடையில் மிஷின் மட்டும் இருந்தது. தைக்கப்போட்ட சட்டை ஊசிக்கடியில் பாதியில் நின்றது. அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, உடுத்திப் பார்க்கிற மூலையில் தொங்கிய திரையின் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, திரைக்குக் கீழ உங்க கால் தெரியுது."

ஒரு கால் மட்டும் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"பெருவிரல்ல நூல் வேற ஒட்டியிருக்கு."

திரையை விலக்கிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார். "எனக்கு மண்டையில ஏறாதும்மா. விட்டுடுங்க."

"மொதமொதல்ல சட்டைக்குக் கை வெச்சப்ப ஒரே தடவையில சரியா வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? எத்தனை தடவை பிரிச்சேனோ."

"அப்ப பிரிச்சுத் தெச்சீங்க. கணக்கை மட்டும் ஒரே தையல்ல தூக்கிப் போடுறீங்களே, என்ன நியாயம்?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். மறுநாள் வந்து உட்கார்ந்தார்.

இப்படி ஒவ்வொருவராகத் தேடிப் போனார் அக்கா. வெல்டர் தம்பிக்குப் பரீட்சைக்கு லீவு தரமாட்டேன் என்று பட்டறை முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். முதலாளியின் அம்மா அக்கா வேலைபார்க்கிற மருத்துவமனையில்தான் சேர்ந்திருந்தார். ஒருநாள் முதலாளி அம்மாவைப் பார்க்க லிஃப்ட்டில் ஏறினார். வேறு யாரும் இல்லை. கதவு மூடியதும் அக்கா பேச ஆரம்பித்தார். கேட்டது, கெஞ்சியது, கடைசியில் லேசாக மிரட்டியது எல்லாம் அதற்குள்ளேயே நடந்தது. மேல்மாடியில் கதவு திறந்தபோது முதலாளி, "சரிம்மா, எழுதித் தொலைக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாராம்.

ஊரையே தூக்கி நிறுத்திய அக்கா கணக்கில் விழுந்துவிட்டார். கொஞ்ச மதிப்பெண்தான் குறை. அன்று எங்கள் யாருடைய அழைப்பையும் அவர் எடுக்கவில்லை. கடைசியில் மகள்தான் எடுத்தாள். "அம்மா குளியலறையில இருக்காங்க. குழாயை ரொம்ப நேரமா திறந்து விட்டிருக்காங்க" என்றாள்.

வகுப்பின் விடைபெறும் விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் சார்பில் அக்கா பேசுவது என்று தேர்வுக்கு முன்பே முடிவு செய்திருந்தோம். தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு பாக்குறேன். தேறினவங்க யாராவது பேசினா நல்லாயிருக்குமே?"

தையல்கடை அண்ணன் எழுந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "சார், அவங்க இல்லன்னா தேறினவங்கன்னு சொல்லிக்க இங்க யாருமே இருந்திருக்க மாட்டோம். அவங்க பேசட்டும். இல்லன்னா பேச்சே வேண்டாம்."

தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். ஆனால் வரப்போவதில்லை என்று அக்காவே சொல்லியனுப்பிவிட்டார்.

விழா அன்று நாங்கள் உற்சாகமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தோம். சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிய நேரத்தில் வாசலில் நீலச் சீருடை தெரிந்தது. பக்கத்தில் மகள், அம்மாவின் முழங்கையை விடாமல் பிடித்திருந்தாள். பின்னால் பஸ் டிரைவர் மாமா, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் தட்டிய கைதட்டலில், நின்றிருந்த தலைமையாசிரியரே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா முன்னால் போய் நின்றார். தண்ணீர் குடித்தார்.

"நான் ஃபெயில். அதை மொதல்ல சொல்லிடறேன். இல்லன்னா எல்லாரும் அதையே நினைச்சுக்கிட்டு நான் பேசுறதைக் கேக்க மாட்டீங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். அப்புறம் தடையில்லாமல் பேசினார். முதல்நாள் பெஞ்சில் மாட்டிக்கொண்டு எழமுடியாமல் தவித்தது, வெல்டர் தம்பி தூக்கத்திலேயே டீச்சருக்குச் சரியான விடை சொன்னது, சுண்ணக்கட்டி தீர்ந்துபோன அன்று தையல்கடை அண்ணன் சட்டைப்பையிலிருந்து துணியில் கோடு போடுகிற கட்டியை எடுத்துக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கைநீட்டி, இனி யார் யார் என்ன ஆவோம் என்று சொன்னார். வெல்டர் தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்து, பகலில் விழித்திருக்கக் கற்றுக்கொள்வானாம். நான் ஒருநாள் சொந்தமாகக் கூரியர் அலுவலகம் வைத்து, அப்போதும் தாமதமாகவே வருவேனாம். தையல்கடை அண்ணனுக்கு என்ன என்று கேட்டோம். "அவரு கணக்கு வாத்தியார் ஆயிடுவாரு" என்றதும் கூரை பறக்கிற மாதிரி சிரித்தோம்.

"நீங்கக்கா?" என்று பின்னாலிருந்து வெல்டர் தம்பி கத்தினான்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இத்தனை வருஷமா மேலயும் கீழயுமே போய்ட்டு வந்துட்டேன். இனிமே கொஞ்சம் முன்னால போகலாம்னு பாக்குறேன். மறுபடி எழுதுவேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வருடத்தில் நாங்கள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

மறுவாரமே தையல்கடை அண்ணன் மருத்துவமனைக்குப் போய் அக்காவின் வேலைநேரத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். மதியம் கடையில் கூட்டம் இருக்காது. வெட்டுமேசையிலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு, அந்தப் பலகை மேலேயே கணக்கை எழுதிக் கொடுப்பார், அக்கா போடுவார், தப்பானால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி. சில நாள் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. அக்காதான் எரிச்சலில், "இந்த எக்ஸைக் கண்டுபிடிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று சண்டைக்கு நிற்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்த கணக்கை எழுதுவார்.

இந்த முறை முடிவு வந்ததும் அக்கா தானே என்னை அழைத்தார். "தாண்டிட்டேன்டி" என்றார், அவ்வளவுதான்.

விடுமுறை நாளொன்றில் அதே ஒன்றாம் வகுப்பு அறையைக் கேட்டு வாங்கினோம். அந்த ஒரு சான்றிதழைக் கொடுப்பதற்காக வகுப்பு முழுவதும் வந்தது. தலைமையாசிரியர் பேர் வாசித்தார், டீச்சர் கொடுத்தார். இந்தமுறை பேச்சு கிடையாது. அக்காவின் கணவர் படம் எடுக்கிறேன் என்று அவசர அவசரமாக எடுத்த படங்களில் ஒன்றிலும் யாருக்கும் முகம் சரியாக இல்லை.

இப்போது அக்கா அதே மருத்துவமனையின் தரைத்தளத்தில், வருகிறவர்களுக்கு வழிசொல்லி உதவுகிற மேசையில் இருக்கிறார். நேர்முகத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளைவிட இவர் கேட்டவைதான் அதிகம் என்று கேள்வி. போன வாரம் பார்சல் கொடுக்கப் போனேன். மேசையில் ஆளில்லை. வழி தெரியாமல் நின்ற ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக ரத்தப் பரிசோதனை அறை வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார் அக்கா.

"அடுத்து என்னக்கா படிப்பு?" என்று சும்மா சீண்டினேன்.

"போடி, மொதல்ல கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்" என்று பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டார். நான் கதவு வரை போயிருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய், அந்தத் தபால்வழிப் பட்டப்படிப்புக்கு எப்ப சேக்குறாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு. உனக்கும் சேத்துதான்!"