ஏறாத குண்டிக்காய்

உங்கள் குண்டிக்காய் எங்கே இருக்கிறது தெரியுமா? சிரிக்காதீர்கள். கறிக்கடையில் பெரிய அவரைக்கொட்டை மாதிரி தொங்குமே, பாடப் புத்தகத்தில் சிறுநீரகம் என்று போட்டிருக்குமே, அதைத்தான் கேட்கிறேன். எல்லாரும் முதுகில் கை வைப்பீர்கள். என் கதை வேறு.

எனக்கு எட்டு வயது. ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த அம்மாவின் கை, என் தொப்புளுக்குக் கீழே இடதுபக்கம் எதிலோ தட்டி நின்றது. உள்ளே ஏதோ கட்டி. எனக்கு வலி ஒன்றுமில்லை. ஆனால் அம்மா போட்ட சத்தத்தில் குழாயடிக் கூட்டம் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

"கொடலு எறங்கிக்கீது. இத்துக்குப் போயி இன்னாத்துக்கு அய்வுற?" என்று தீர்ப்புச் சொன்னவர் மாமா. அம்மாவின் அண்ணன், துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்துவரும் சின்ன நீராவிப் படகில் கரி அள்ளிப் போடுகிறவர்.

குடல் இறங்கினால் எங்கள் பக்கத்து வைத்தியம் ஒன்றுதான். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, ஆளைப் புடவையில் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டுவது. குடல் மேலே ஏறிவிடுமாம். மாமா கரி வாரிப் போடுகிற வேகத்தில் உருட்டினார். நான் கூரையைத் தொட்டுவிட்டு வந்தேன். ஒரு பையனுக்கு அதைவிட நல்ல வியாதி கிடைக்காது. சாயங்காலம் ஆனால் நானே புடவையைக் கொண்டுவந்து நீட்டுவேன்.

கட்டி அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் அழுத்திப் பார்த்து, வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார். அம்மா அன்று உலை வைக்கவில்லை. மாமா என் பக்கத்தில் குந்தினார்.

"மாப்ளே, அய்வாம அறுத்துக்கினு வந்துரு. உன்னிய எங்க படகுல குந்த வெக்கிறேன். சங்கு நீயே ஊதலாம்."

படகுச் சங்கு! அதற்காக வயிறு என்ன, கழுத்தையே நீட்டியிருப்பேன். என்னை அறுக்கப் போகிறார்கள் என்று தெருப் பையன்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அறுப்பதற்கு முன்பு பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றிப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது கட்டி இல்லேம்மா, குண்டிக்காய். தாய் வயித்துல ரெண்டும் கீழேதான் உண்டாகும், அப்புறம் மேலே ஏறும். இவனுக்கு வலது ஏறிடுச்சு, இடது ஏறல. அங்கேயே இருந்துக்கிட்டு ஒழுங்கா வேலை செய்யுது. அறுத்திருந்தா நல்ல உறுப்பை எடுத்திருப்போம்."

மாமா யோசித்தார். "அத்தாவது டாக்டரய்யா, ஆர்பருக்குள்ள வராம வெளியவே நங்கூரம் போட்டுக்கினு நிக்கிற கப்பலு மாரி?"

"அப்படித்தான்."

"அத்தப் போயி தெனம் தெனம் இய்த்துக்கினு கெடந்தேனே!"

எப்படி இழுத்தீர்கள் என்று அவர் கேட்க, புடவை விவகாரம் வெளியே வந்தது. பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. மாமா அவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

நான்தான் ஓவென்று அழுதேன். "அப்ப என்னிய அறுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க நைனா, மாட்டாங்க!" அம்மா என் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சங்கு போச்சே!

போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமா என்னைப் படகில் ஏற்றினார். சங்குக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். காசிமேடு வரை கேட்டிருக்கும். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"மாமா, என்னியத்தான் அறுக்கலியே. அப்பறம் இன்னாத்துக்கு சங்கு?"

"அத்துக்குத்தான்டா மாப்ளே! ஊது!"

மாமாவுக்குக் கேள்வி புரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கயிற்றை இழுத்தேன்.

இதை எழுதுகிற இந்த நிமிஷமும் அந்தக் குண்டிக்காய் என் பெல்ட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.