ஒரு தட்டு, இரண்டு தட்டு

அந்தக் கடற்போரைப் பற்றி வந்த எல்லாப் புத்தகங்களிலும், எதிரிக் கப்பலை "இன்னும் நெருங்கு" என்ற கட்டளை கப்பலின் கேப்டனுடையது. அவர் இறந்துவிட்டார். அதே கப்பலில் இருந்த மாலுமி ஒருவர் மட்டும் என்னிடம் போனில் வேறு மாதிரி சொன்னார். கேப்டன் உறைந்துபோய் நின்றாராம். குரல் கொடுத்தது ஒரு மதுரைக்கார இளம் அதிகாரியாம். ஒரே சாட்சியை வைத்து நான் எழுதுவதில்லை. அந்த அதிகாரியைப் பசுமலையில் தேடிப் பிடித்தேன்.

அவருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. புத்தி தெளிவு. இடது கை அசைந்தது. ஆம் என்றால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு என்று பேசிக்கொண்டோம்.

அவர் நினைவைச் சோதிக்க, நடுநடுவே தவறான தகவல் கொண்ட கேள்விகளைச் செருகினேன். முன்பு பார்த்த, கருவிகளைச் சோதிக்கும் வேலையில் வந்த பழக்கம்.

"அப்ப விடிஞ்சிருந்துச்சா சார்?"

இரண்டு தட்டு. சண்டை நடந்தது நள்ளிரவில். ஒன்றில்கூட அவர் பிசகவில்லை.

"நெருங்கச் சொன்னது நீங்களா?"

ஒரே தட்டு, பலமாக. பிறகு நான் எழுதுகிறேனா என்று என் பேனாவையே பார்த்தார்.

காளவாசலில் டயர் கடை வைத்திருக்கும் மகன், சாப்பிட வந்தவர், அப்பாவுக்கு டீயோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா, கப்பல் கதை அம்புட்டும் எழுதியாச்சா?"

"அந்த ஆர்டர் இவரு போட்டதுதான்னு சொல்றாரு அண்ணே."

"இவரா? எங்கம்மா சாகக் கெடக்கையில லீவு கேக்க வாய் வரல. அங்க கேப்டனுக்கே ஆர்டர் போட்டாராம்ல!"

வாசற்படியில் நின்ற மருமகள் சிரித்தாள். மகன் டீயை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்தப் பாப்பா எழுதிக்கட்டும், சொல்லுங்க. அது பொய்தான? எங்கம்மாவ அநாதையா விட்டதுதான நெசம்?"

பெரியவர் டீயைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்தார். ஒரு தட்டு.

"எழுதிக்கம்மா" என்ற மகன், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்டி, துண்டால் வாயைத் துடைத்துவிட்டார்.

ஒரு தட்டுக்கு இரண்டு கேள்வி. நான் அப்படிக் கேட்கவே மாட்டேன். எதற்கு ஆம் என்றார் என்று தெரிய வேண்டும். குனிந்து மறுபடி கேட்டேன்.

"சார், நெருங்கச் சொன்னது நீங்கதான?"

இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அந்தப் போர் பற்றிய என் கட்டுரை வெளியாகிவிட்டது. அதிலும் கட்டளை கேப்டனுடையதாகவே இருக்கிறது. மதுரைக்காரர் அந்தக் கப்பலில் பணிபுரிந்தவர்களுள் ஒருவர்.