கண்ணாடி மேல் வைத்த பொட்டு

போன மாதம் தர்மபுரியில் ஒரு ஓவியக் கண்காட்சியைத் திறந்து வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு ஓவியர்கள், நாற்பது படங்கள். இடம் — ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். எனக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. சால்வை போடுவார்களே!

பாதிப் படங்கள் மாடர்ன் ஆர்ட். கறுப்பு, சிவப்பு, நடுவில் ஒரு கீறல். புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே வந்தேன். மீதிப் படங்களில் மனிதர்கள். அங்கேதான் வந்தது வினை.

மண்டப மேனேஜர் கோவிந்தனுக்கு எதையும் மங்களகரமாகத் தொடங்க வேண்டும். காலையிலேயே எல்லாப் படங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். மாடர்ன் ஆர்ட்டில் முகம் எது என்று தெரியாததால் நாலு மூலையிலும். மனிதர்கள் படத்தில்... படத்துக்குப் போட்ட கண்ணாடி மேல், சரியாக நெற்றியில்.

நம் வீடுகளில் கண்ணாடி போட்ட படத்தின் நெற்றியில் பொட்டு இருந்தால் என்ன அர்த்தம்? பார்க்கிறவர்கள் உடனே கேட்பது, “எப்போ தவறினாங்க?” என்றுதானே? ஹால் முழுக்கச் செத்துப்போனவர்கள் வரிசையாக என்னையே பார்ப்பது போல இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் செல்வி மேலே வந்தார். பென்னாகரத்துக்காரர். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தவர், மாடி ஹாலையும் பார்த்துவிடலாம் என்று ஏறியிருக்கிறார். ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பெண்ணின் முகம். முன்தலையில் நரை. இடது காது மடல் கம்மல் இழுத்துக் கிழிந்திருந்தது.

“எங்க அக்கா செத்துட்டான்னு யாருங்க சொன்னது?” படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

அக்கா ஜோதி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். பதினோரு வருஷமாக ஒரு தகவலும் இல்லை.

“எங்கம்மா அவ போட்டோவ பீரோவுலதாங்க வெச்சிருக்காங்க. செவுத்துல மாட்டவே வுடமாட்டாங்க. நீங்க பொட்டே வெச்சிட்டீங்களே...”

“நல்லதுக்குன்னுதாங்க வெச்சேன்” என்று கையைப் பிசைந்தார் கோவிந்தன்.

படத்தை வரைந்தவர் நதியா. அரூரில் டிராயிங் டீச்சர். பக்கத்திலேயே நின்றிருந்தார். “நான் யாரையும் பாத்து வரையலீங்க. மனசுல வந்த முகம்.”

“அந்தக் காது? எங்க அக்காவுக்கும் இப்படித்தாங்க கிழிஞ்சிருக்கும்” என்றார் செல்வி.

“அதுவும் தானாத்தாங்க வந்துச்சு.”

நான் சும்மா இருப்பேனா? ‘இவரது அக்கா போட்டோவை எங்காவது பார்த்திருப்பீர்கள், மனதில் பதிந்திருக்கும்’ என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். செல்வி மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“போட்டோவுல அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கலீங்க. இதுல நரைச்சிருக்குது பாருங்க. அப்படின்னா இப்பத்தான பாத்திருக்கணும்?”

செல்வி முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தார். கண்ணாடியில் சிவப்பாக ஈஷிக்கொண்டது. மறுபடி துடைத்தார். பிறகு நதியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க பாத்தீங்க? யோசிச்சுச் சொல்லுங்க மேடம்.”

நதியா படத்தையே பார்த்தார். பிறகு சொன்னார், “பொம்மிடி. ரயில்வே ஸ்டேஷன்ல.”

அவ்வளவுதான்... செல்வி படியிறங்கி ஓடினார். வந்த வேலையைக்கூட மறந்துவிட்டார்.

“நல்லவேளை, ஞாபகம் வந்துச்சே” என்றேன்.

நதியா மெதுவாகச் சொன்னார். “சார், நான் பொம்மிடிக்குப் போனதே இல்லீங்க. அந்தப் பேரு எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல.”

செல்வியின் பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? பொய் நம்பிக்கை கொடுப்பது பாவம் என்று இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆனால் போகவில்லை. சொல்லப்போனால் பயமாக இருந்தது. ஒருவேளை அது பொய்யாக இல்லாமல் போனால்?

நம்பிக்கையைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். அது நம் முன்னால் வந்து நின்றால்தான் பேச்சு வராது.

செல்வி அப்புறம் மண்டபத்துக்கு வரவே இல்லை என்றார் கோவிந்தன். போன் நம்பரும் யாரிடமும் இல்லை.

போன வாரம் சேலம் போகும்போது ரயில் பொம்மிடியில் நின்றது. நான் இதையெல்லாம் நம்பாத ஆள்தான் — வண்டி கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.