செல்லையாவின் பழைய கண்ணாடி

பழங்காநத்தத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, செல்லையாவின் மூத்த மகன், "மாமா, அப்பா காலையில போயிட்டாரு" என்றான். நெஞ்சு வலியை வாயு என்று சொல்லியே சமாளித்தாராம். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நில அளவையில் எங்களோடு அலைந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

எழுபதுகளில் வெயிலிலும் புழுதியிலும் திரிந்து அவருடைய வலது கண்ணில் சதை வளர்ந்தது. மூக்கோரத்து வெள்ளைவிழியில் தொடங்கிக் கருவிழிமேல் ஏறியது. அளவைக் கருவியில் அந்தக் கண்ணை வைத்துத்தான் தூரத்தில் பிடித்திருக்கும் அளவுகோலின் எண்களைப் படிப்பார். திருவாதவூரில் மூன்றை எட்டென்று படித்து எல்லைக்கல்லைத் தள்ளி நடவைத்தார். அந்த நிலத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவரும் மண்வெட்டியோடு சண்டைக்கு நின்றார்கள். இன்னொரு தரம் தப்பினால் ஆபீஸ் நாற்காலிதான் என்றார் அதிகாரி. செல்லையாவுக்கு நாற்காலி என்றால் ஜெயில்.

டாக்டரிடம் இழுத்துப் போனேன். "சதை கருவிழியப் பிடிச்சு இழுக்குது. உருண்டையா இருக்கவேண்டியது ஒரு பக்கம் தட்டையாகுது. அதான் எழுத்து கலங்குது. எடுத்துருவோம்" என்றார்.

"ஆத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் நேந்திருக்கேன், அவ பாத்துக்கிருவா. நீங்க கண்ணாடி மட்டும் எழுதுங்க" என்றார் இவர். சதை வளர வளரக் கண்ணாடியை மாற்றினார். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒருவழியாக அறுவைக்குச் சம்மதித்தார். கண் ஆறிய பிறகு, "டாக்டரு கண்ணக் கெடுத்துட்டாரு மாப்ள, வரப்பெல்லாம் சாயுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மறுசோதனைக்கு வரச் சொன்ன நாளில் போகவே இல்லை. மறுபடியும் நான்தான் இழுத்துப் போனேன். டாக்டர் அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சுவரிலிருந்த எழுத்துகளைச் செல்லையா மளமளவென்று படித்தார். சதை போனதும் கருவிழி தன் வடிவத்துக்குத் திரும்பியிருந்தது. கோணலாக இருந்த கண்ணுக்குச் செய்த கண்ணாடியை இவர்தான் கழற்றவில்லை.

வெளியே வந்ததும், "பாத்தியா மாப்ள, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார். டாக்டருக்கு ஒரு மாத வசவு, ஆத்தாளுக்குக் கண்மலர்.

அன்று அவர் என் சட்டைப்பையில் செருகிய அந்தக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்றுப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல், கதவு எல்லாம் சாய்ந்தன. இப்படியா மனுஷன் ஒரு மாதம் நடந்தார்?

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, வலி வந்ததுமே ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மகனிடம் கேட்டேன்.

"அப்பாதான் மாமா வேணாம்னாரு. 'மாமாகிட்டச் சொல்லிராத, இழுத்துட்டுப் போயிருவான்'னாரு."

இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன், செல்லையா.