பாஸ்வேர்டு சரி... ஆனால் உள்ளே விடமாட்டேன்!

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, என் லேப்டாப் என்னை உள்ளே விட மறுத்தது.

பாஸ்வேர்டு போட்டேன். ஏற்றுக்கொண்டது. திரை ஒரு நொடி கறுத்தது. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் அதே பக்கம்! தப்பாகப் போட்டால் 'தப்பு' என்று சொல்லும். இதுவோ சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறது. ஏழு முறை முயன்றேன். ஏழு முறையும் அதே மரியாதை.

உள்ளே இருந்தது இந்தப் பக்கத்துக்கான என் வாரக் கட்டுரை என்றால் கவலையில்லை. ஆசிரியரிடம் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மாட்டிக்கொண்டது கல்யாணப் பத்திரிகை!

பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவின் மகள் சஃபீனாவுக்குக் கல்யாணம். மெஹரின் கணவர் ஜப்பார் பாய் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். "நீங்கதான் பேப்பர்ல எல்லாம் எழுதுறீங்களே அக்கா, பத்திரிகைய நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்க" என்று மெஹர் கேட்டபோது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செங்கல்பட்டு அச்சகத்துக்கு அன்று பன்னிரண்டு மணிக்குள் ஃபைல் போயாக வேண்டும். போனால் சனிக்கிழமை பத்திரிகை கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் ஒரு விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் மொத்தமாக வருகிறார்கள். அங்கேயே கொடுத்துவிடலாம். தவறினால்? வேலூர், ஆற்காடு, வாணியம்பாடி என்று முழங்கால் வலியோடு மெஹர் பஸ் ஏற வேண்டும்.

சரி, நான் அப்படி என்னதான் செய்தேன்? ஒரு அழகான எழுத்துரு சேர்த்தேன். அவ்வளவுதான்.

என் லேப்டாப் பழசு. விண்டோஸுக்குப் பதிலாக அதில் ஓடும் லினக்ஸும் பழசு. எழுத்துருவை சிஸ்டம் போல்டரில் போடப் போனால், 'உனக்கு அனுமதி இல்லை' என்றது. எனக்கா அனுமதி இல்லை? என் வீட்டில், என் மேஜையில், என் லேப்டாப்பில்? கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'சூடோ' என்று அடித்து, அதன் பக்கத்தில் ஃபைல் மேனேஜரின் பெயரையும் அடித்தேன். சூடோ என்றால், 'இந்த வேலையை அட்மின் அதிகாரத்தோடு செய்' என்று அர்த்தம். ஜன்னல் திறந்தது. எழுத்துரு போய் உட்கார்ந்தது. லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டேன்...

பதினொன்றுக்கு மெஹர் வந்தார். "அனுப்பிட்டீங்களா அக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மெஹர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லக்கா, பஸ்ல போய்க்கலாம்" என்று மெல்லச் சொன்னார்.

பிறகு அவருக்கே திடீரென்று ஞாபகம் வந்தது. "சஃபீனா வூட்ல தான் கீறா. கூப்புடட்டா?"

சஃபீனாவுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கவனிக்கும் வேலை. அன்று வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போனோடு வந்தாள்.

"கடைசியா இன்னா பண்ணீங்க ஆன்ட்டி?"

சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சூடோ போட்டு ஜன்னல் தொறந்தீங்களா? அப்ப அது உங்க வூட்டுக்குள்ள வந்து, உங்க ஃபைல் ரெண்டு மூணை அட்மின் பேர்ல எழுதி வெச்சிட்டுப் போயிருக்கும். இப்ப நீங்க லாகின் பண்ணா, அந்த ஃபைலைத் தொட உங்களுக்கே உரிமை இல்ல. அதான் திருப்பி அனுப்பிக்கினே கீது."

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். படம், பட்டன் எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து.

"ஐயோ, எல்லாம் பூடுச்சா?" என்றார் மெஹர்.

"சும்மா இரும்மா. ஆன்ட்டி, பாஸ்வேர்டு அடிங்க."

அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. "ஒண்ணுமே வரலையே!" என்றார் மெஹர். "வராது, ஆனா வேலை செய்யும்" என்றாள் சஃபீனா. செய்தது! ஃபைல்களின் பட்டியலை வரவழைத்து விரலால் காட்டினாள். எல்லாவற்றுக்கும் எதிரே என் பெயர். இரண்டே இரண்டுக்கு மட்டும் 'ரூட்', அதாவது அட்மின். உரிமையாளரை மாற்றும் ஒரே ஒரு வரியை அடித்தாள். என்னை மறுபடி உள்ளே போகச் சொன்னாள்.

பாஸ்வேர்டு. கறுப்பு. பிறகு... என் டெஸ்க்டாப்! மெஹர் கைதட்டியே விட்டார்.

"இனிமே எழுத்துருவ உங்க சொந்த போல்டர்லயே போடுங்க ஆன்ட்டி. அதுக்கு அட்மினே தேவையில்ல" என்றாள்.

தேவையே இல்லையாம்! எத்தனை இடத்தில் இப்படித்தான் செய்கிறோம்? நாமே முடிக்கக்கூடிய சின்ன வேலைக்குப் பெரிய இடத்துச் சிபாரிசைப் பிடிக்கிறோம். வேலை முடிகிறது. பிறகு நம் வீட்டுக்குள் நுழைய நாமே அனுமதி கேட்டு நிற்கிறோம்.

மணி பதினொன்றரை. பத்திரிகையைத் திறந்து சஃபீனாவை ஒருமுறை படிக்கச் சொன்னேன். படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி பி.இ. கீது. எனக்கு எம்.சி.ஏ. எங்க? அம்மா பேரு எங்க?"

பாய் கொடுத்த தாளில் இல்லை. அதை அப்படியே அடித்தவள் நான்! பெண்ணுரிமை பற்றி இதே பக்கத்தில் எத்தனை வாரம் முழங்கியிருப்பேன்...

"எனக்கு எதுக்குடி பேரு?" என்றார் மெஹர். ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சஃபீனா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அத்தா, பத்திரிகைல அம்மா பேரையும் உங்க பேரோட சேர்த்துப் போடறேன்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாண வீட்டில் கலகம் மூட்டிவிட்டேனோ?

"போடு," என்றார் பாய். "எழுத்துப் பிழை இல்லாமப் போடு. ரேஷன் கார்டுல அவ பேரைத் தப்பாப் போட்டுட்டாங்கன்னு, இன்னிக்கு வரைக்கும் என்னைத்தான் திட்டிக்கினு கீறா."

மெஹரின் பெயரும் எம்.சி.ஏ.வும் சேர்ந்து, பதினொன்று ஐம்பதுக்கு ஃபைல் போனது.

சனிக்கிழமை மாலை மெஹர் முதல் பத்திரிகையை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். பிரித்து, பெற்றோர் பெயர் இருந்த இடத்தை என் பக்கம் திருப்பினார். "படிங்கக்கா."

மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சத்தமாப் படிங்க," என்றார்.

படித்தேன்... இரண்டு முறை!